கருவறை முதல் வெளிவீதி வரை



வைகாசி பிறந்து, அம்மனின் திருக்கதவு திறக்கும் நாளும் குறித்தாயிற்று என்றால் நமது ஊரின் முகமே மாறிவிடும். வளவுகள் கூட்டித் துப்புரவாகும். மச்சம் மாமிசம் விலகும். தூர இடங்களில் தொழில் பார்ப்போரும் லீவு போட்டு வந்து சேருவர். கண்ணகி வழக்குரை பாடும் குரல் இரவிலே கடற்காற்றோடு கலந்து வீடுகளுக்குள் வரும். இத்தகைய புனித நாட்களில் வெளிவரும் இம்மலரில், ஆலயத்தின் உள்ளிடங்களைக் குறிக்கும் சில சொற்களைப் பற்றி அடியேன் சிந்தித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள அம்பாள் திருவருள் கூட்டியிருக்கின்றாள்.

இந்தச் சிந்தனையைத் தொடக்கிவைத்தவள் ஒரு சிறுமி. ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையில் கரும்பலகையில் ஓர் ஆலயத்தின் படத்தைக் கீறி, கர்ப்பக்கிருகம், அர்த்தமண்டபம், மகாமண்டபம், ஸ்தம்பமண்டபம், உள்வீதி, வெளிவீதி என்று பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுந்து, "ஐயா, எல்லாம் சுவரும் வாசலுந்தானே. ஒண்டுக்கு ஏன் இவ்வளவு பேர்?" என்று கேட்டாள். "ஆகமத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கு மகள்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். பாடம் முடிந்தது. கேள்வி முடியவில்லை. அன்றிரவு படுக்கையிலும் அது என்னோடு வந்தது. சுவர் ஒன்றுதான் என்றால் பெயர் ஏன் பல?

அறையும் கருவறையும்

முதலில் 'அறை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அறுத்தல் என்ற சொல்லோடு உறவுடையது அறை என்பர். பெரிய வெளியொன்றிலிருந்து ஒரு பகுதியை அறுத்து எடுத்து, நான்கு பக்கமும் மறித்தால் அது அறை. நெல்லுக்கு ஒரு களஞ்சிய அறை, பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை, வீட்டிலே சுவாமிக்கு ஒரு சுவாமியறை. வெளி என்பது எல்லோருக்கும் பொது. அறை என்பது ஒன்றுக்கென்று ஒதுக்கிய இடம்.

அந்த அறையோடு 'கரு' சேரும்போது பொருள் எவ்வளவு ஆழமாகிவிடுகின்றது பாருங்கள். வடமொழியிலே கர்ப்பக்கிருகம் என்பதும் இதுவே. கர்ப்பம் என்றால் கரு, கிருகம் என்றால் வீடு. உலகை ஈன்ற தாய் இருக்கும் இடத்துக்குச் சிங்கார அறை, பொன்னறை, அரசறை என்றெல்லாம் பெயர் வைத்திருக்கலாம். நம் முன்னோர் அவற்றை விட்டு, தாயின் வயிற்றை நினைத்துப் பெயர் வைத்தார்கள்.

கருவறையின் அமைப்பைக் கவனியுங்கள். ஆலயத்திலே மிகச் சிறிய இடம் அதுதான். பெரும்பாலும் சதுரமானது. யன்னல் கிடையாது. வாசல் ஒன்றே. மேலே எழும் விமானத்தின் பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் சுவர் தடிப்பானது. உள்ளே விளக்கின் ஒளி மாத்திரமே. குழந்தை பத்து மாதம் இருக்கும் இடமும் இப்படித்தான். இருள், வெதுவெதுப்பு, ஒரேயொரு வாசல். அந்த இருள் பயமுறுத்தும் இருளன்று, வளர்க்கின்ற இருள். தீபாராதனையின்போது நாம் அந்த வாசலை நோக்கி நிற்பது, நாம் வந்த இடத்தை நாமே திரும்பிப் பார்ப்பது போன்றது. அந்த இடத்தில் நின்று யாராவது 'நான் உயர்ந்தவன்' என்று நினைப்பாரானால், தாயின் வயிற்றில் தனக்கு மேல்மாடி ஒதுக்கியிருந்தது என்று நினைப்பதற்கு அது சமானம்.

இதே இடத்தை மூலஸ்தானம் என்றும் சொல்கிறோம். மூலம் என்றால் வேர். கருவறை என்ற சொல் தாயை நினைவூட்டுகிறது, மூலஸ்தானம் என்ற சொல் மரத்தை நினைவூட்டுகிறது. வேர் வெளியே தெரியாது. ஆனால் வெளிவீதியில் நிற்கும் கடைசி இலைக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் போகவேண்டும். ஓர் இலையை மட்டும் விலக்கிவிட்டு மற்ற இலைகளுக்கு நீர் அனுப்பும் வேரை நாம் கண்டதில்லை.

அர்த்தமண்டபம் என்னும் பாதிவழி

கருவறைக்கு முன்னே இருப்பது அர்த்தமண்டபம். இதன் பெயரைக் கேட்டவுடன் 'பொருள்' என்ற அர்த்தத்தைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு சொல். இங்கே அர்த்தம் என்றால் பாதி. அர்த்தநாரீசுவரர் என்றால் பாதி பெண்ணாகிய ஈசுவரர். அர்த்தசாமப் பூசை என்றால் நள்ளிரவுப் பூசை. அதுபோல அர்த்தமண்டபம் என்பது பாதி மண்டபம். முழுவதும் உள்ளும் அல்ல, முழுவதும் வெளியும் அல்ல. பூசை செய்வோர் நின்று, அம்பாளுக்கும் நமக்கும் இடையிலே போய்வரும் இடம் அது. சில ஆலயங்களில் இவ்விடையே அந்தராளம் என்றொரு சிறு பகுதியும் உண்டு. அந்தராளம் என்றாலும் இடைவெளி என்றே பொருள்.

அதற்கு அடுத்தது மகாமண்டபம். அறைக்கும் மண்டபத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் நன்றாகத் தெரியும். அறையைத் தாங்குவது சுவர், மண்டபத்தைத் தாங்குவது தூண். அறை மறைக்கும், மண்டபம் சேர்க்கும். தூணுக்கும் தூணுக்கும் இடையிலே ஆள் நுழைய இடம் இருக்கும். அதனாலேதான் கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் மண்டபம் தேடுகிறோமே ஒழிய அறை தேடுவதில்லை. கருவறை அம்பாளுக்கு உரியது. அர்த்தமண்டபம் அவளுக்குத் தொண்டு செய்வோருக்கு உரியது. மகாமண்டபம் அடியார் எல்லோருக்கும் உரியது. 'மகா' என்பது கட்டடத்தின் அளவை மட்டும் சொல்லவில்லை, அதற்குள் அடங்கும் மனிதரையும் சேர்த்தே சொல்கிறது என்று அடியேன் கொள்கிறேன்.

மதிலே வீதியான கதை

இன்னும் வெளியே வருவோம். இந்தியாவிலே பிரகாரம் என்பதை நாம் இலங்கையில் வீதி என்போம். உள்வீதி, வெளிவீதி. தூய தமிழில் திருச்சுற்று. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பிராகாரம் என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் மதில், கோட்டைச் சுவர் என்பதே. தமிழிலே வழங்க வழங்க, மதிலைக் குறித்த சொல் மதிலுக்கு உள்ளே அடியார்கள் வலம்வரும் பாதையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. கல்லைக் குறித்த சொல் காலடிக்கு வந்துவிட்டது. தடுக்க எழுந்த சுவரை, பக்தர்களின் நடை, வழியாக மாற்றிவிட்டது.

இதேபோல ஒரு பயணம் 'சாலை' என்ற சொல்லுக்கும் உண்டு. வடமொழியில் சாலா என்றால் கூடம், மண்டபம். நமது பேச்சிலே அந்தப் பொருள் இன்றும் அப்படியே இருக்கின்றது. யாகசாலை, பாடசாலை, வைத்தியசாலை. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகக் கூரையிட்ட இடம். தமிழ்நாட்டிலே சாலை என்றால் போக்குவரத்துப் பாதையையே முதலில் நினைப்பார்கள். உள்ளிடமும் வழியும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து கிடக்கின்றன.

கோயிலும் கோட்டமும்

கோயில் என்ற சொல்லைப் பிரித்தால் கோ, இல். கோ என்றால் அரசன், தலைவன். இல் என்றால் வீடு. பழைய நூல்களிலே கோயில் என்றால் அரண்மனையையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தில் பாண்டியனுடைய அரண்மனை கோயில் என்றே சொல்லப்படுகிறது. இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு திரும்பி வருவோம்.

கோட்டம் என்ற சொல் நமது அம்மனுக்கு இன்னும் நெருக்கமானது. கோடு, கோணல், கோட்டை என்பவற்றோடு உறவுடையது. வளைத்துக் கட்டிய இடம் கோட்டம். கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்தது பத்தினிக் கோட்டம். அந்த விழாவிலே கடல்சூழ் இலங்கையின் கயவாகு மன்னனும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. தம்பிலுவில், காரைதீவு முதலாகக் கிழக்குக் கரையெங்கும் அவளுக்குக் கோயில்கள் எழுந்துள்ளமை நாம் அறிந்ததே. அந்தக் காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர்தாம் பின்னாளிலே சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து, 1947 இல் யாழ் நூலைத் தமிழுலகுக்கு அளித்தவர்.

ஆனால் கோட்டம் என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. திருவள்ளுவர் நடுவுநிலைமையைப் பேசுமிடத்தில் கோட்டம் என்றால் மனம் ஒருபக்கம் சாய்தல், அதாவது பாரபட்சம். வளைவு சுவரில் இருந்தால் அது காவல். வளைவு மனதில் இருந்தால் அது குற்றம். கோட்டத்தைக் கட்டிய நாம், மனதிலே கோட்டம் இல்லாமல் இருக்கின்றோமா என்பதை அந்த ஒரே சொல் நம்மிடம் கேட்கின்றது.

மணிமேகலைக் காப்பியத்திலே இந்தச் சொல்லைச் சுற்றி ஓர் அருமையான நிகழ்ச்சி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்குள் மணிமேகலை போகிறாள். அட்சய பாத்திரமாகிய அமுதசுரபியைக் கையில் ஏந்தி, பசியால் வாடும் சிறையாளிகளுக்கு அன்னமிடுகிறாள். செய்தி சோழ மன்னனுக்கு எட்டுகிறது. அவளை அழைத்து, வேண்டுவது என்ன என்று கேட்கிறான். பொன்னும் பொருளும் அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரவேண்டும் என்று கேட்கிறாள். மன்னன் இசைந்தான்.

அடியார்களே, அங்கே சுவரை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள் என்று கதை இல்லை. சுவர் அதே சுவர். கோட்டம் என்ற சொல்லும் அதே சொல். முன்னாலே இருந்த 'சிறை' போய் 'அறம்' வந்தது. அந்த மாணவியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். சுவருக்குப் பெயர் கிடையாது மகள். அதற்குள் நாம் யாரை எதற்காக அழைக்கிறோமோ அதுதான் அதன் பெயர்.

பள்ளி என்னும் பொதுச்சொல்

நமது கரையோரத்தில் ஒரு சொல்லை நாமும் அயலிலே வாழும் முஸ்லிம் சகோதரர்களும் ஒன்றாகவே ஆள்கிறோம். அது பள்ளி. பள்ளி என்றால் தங்குமிடம், துயிலுமிடம். சுவாமி பள்ளிகொள்ளும் இடம் பள்ளியறை. விடியலிலே பாடுவது திருப்பள்ளியெழுச்சி. அம்மனுக்கு மடை ஆக்கும் இடம் மடைப்பள்ளி. முற்காலத்திலே சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடமும் பள்ளிதான். அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததனாலே கல்வி கற்கும் இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று என்பது அறிஞர் கருத்து. அதே சொல்லோடு வாசல் சேர்ந்து பள்ளிவாசல் ஆயிற்று. கல்முனைக்குடியிலே கடற்கரைப் பள்ளிவாசலில், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறும்போது, அந்தப் பெயரிலே இருப்பதும் நமது பள்ளியறையில் இருக்கும் அதே பள்ளிதான். வணக்கம் வேறு, வழி வேறு. களைத்து வந்தவன் இளைப்பாறும் இடம் என்ற சொல் மட்டும் இருவருக்கும் பொது.

அந்தச் சொல்லின் பொருளை 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி நாம் கண்ணால் கண்டோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். காலையில் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையிலே மிகக்கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நமது அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பி மேற்கே ஓடியவர்கள் முதலில் நுழைந்த இடங்கள் கோயில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளுமே. அன்று மகாமண்டபத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈரச்சேலையோடு வந்தவள், தீட்டோடு வந்தவள், பிள்ளையின் உடலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன், எல்லோரையும் தூண்கள் தாங்கின. சில நாட்கள் நமது ஆலயங்கள் யாவும் உண்மையாகவே கருவறைகளாக இருந்தன.

அம்பலமும் சபையும்

அறைக்கு நேர் எதிரான சொல் அம்பலம். அம்பலம் என்றால் எல்லோரும் வரக்கூடிய பொது இடம். இரகசியம் வெளிப்பட்டால் அம்பலத்துக்கு வந்துவிட்டது என்கிறோம். தில்லையிலே கூத்தப்பெருமான் ஆடுமிடத்துக்குச் சிற்றம்பலம் என்று பெயர். உருவத்தோடு ஆடுகின்ற அதே சந்நிதியின் அருகிலேதான் திரைக்குப் பின்னே வெறும் வெளியையே வணங்கும் சிதம்பர இரகசியமும் இருக்கின்றது. நமது மண்டூரிலும் கதிர்காமத்திலும் முருகப்பெருமானைத் திரைக்கு முன்னே நின்றே வழிபடுகிறோம். திரை தூக்கிப் பார்த்தவர் யார்? ஆனாலும் அந்தத் திரைக்கு முன்னே நிற்கையில் கண்ணீர் வராதவரும் யார்? மறைப்பு என்பது விலக்குவதற்கன்று, நம்மை உள்நோக்கித் திருப்புவதற்கே என்பதை அந்தச் சந்நிதிகள் காட்டுகின்றன.

நமது ஊர்களிலே கூத்தாடும் வட்டக்களரியும் அம்பலத்தின் தம்பிதான். நாலு பக்கமும் சனம் இருந்து பார்க்கும். சுவரும் இல்லை, கதவும் இல்லை. வந்தவர் எல்லோருக்கும் இடம் உண்டு.

சபை என்பதும் பலர் கூடும் இடமே. ஆனால் கூட்டம் இருந்துவிட்டால் மட்டும் ஓர் இடம் நல்லதாகிவிடாது என்பதற்குப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மனே சாட்சி. கௌரவர் சபையிலே பெரியோர் அத்தனைபேர் இருந்தார்கள். வீட்டுமர் இருந்தார், துரோணர் இருந்தார். அவர்கள் நடுவிலே ஒரு பெண்ணை இழுத்து வந்தார்கள். கெட்டவர்கள் செய்தது ஒரு பாவம். நல்லவர்கள் வாய்திறவாதிருந்தது இன்னொரு பாவம். பாண்டிருப்பிலே தீமிதிக்கும் அடியார்கள் ஆண்டுதோறும் அந்த நினைவின் மேலேதான் நடக்கிறார்கள்.

கதவு

அறைக்கும் சிறைக்கும், கோட்டத்துக்கும் கோட்டைக்கும், மண்டபத்துக்கும் சபைக்கும் இடையிலே உள்ள வித்தியாசம் எதிலே இருக்கின்றது என்று தேடினால், அது கதவிலே இருக்கின்றது.

நமது கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றிலே ஆண்டின் பெரும்பகுதி கதவு சாத்தியே இருக்கும். வைகாசியிலே திருக்கதவு திறந்தால் சடங்கு தொடங்கும். கல்யாணக்கால் நாட்டி, நெல் குற்றி, வழக்குரை பாடி, இறுதியிலே திருக்குளிர்த்தியோடு நிறைவுறும். மதுரையை எரித்த தாயின் வெம்மையைத் தணிப்பது குளிர்த்தி. 'கும்பிடத் தொடங்கினோம்' என்று நாம் சொல்வதில்லை, 'கதவு திறந்தாயிற்று' என்கிறோம். வழிபாட்டின் தொடக்கமே திறத்தல்தான்.

நமக்கு வடமேற்கே, கடலுக்கு அப்பால் தமிழகக் கரையிலே திருமறைக்காடு இருக்கின்றது. இன்று வேதாரணியம் என்பர். வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற முன்வாசற் கதவைத் திறப்பார் இல்லாமல், சனங்கள் வேறொரு வாசலாலே போய்வந்தார்கள் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அங்கே வந்தனர். கதவைத் திறக்கப் பாடியவர் அப்பர். அவர் பதிகம் நீண்டது. மீண்டும் அடைக்கப் பாடியவர் சம்பந்தர். அவர் ஒரு பாடல் பாடியதும் கதவு சாத்திக்கொண்டது. இதிலே ஒரு பாடம் உண்டு. கதவை அடைப்பது எளிது. அடைந்து கிடந்த கதவைத் திறப்பதற்குத்தான் மிகவும் உருகவேண்டும்.

நந்தனார் திருப்புன்கூரிலே வெளியில் நின்றே கும்பிட்டார். உள்ளே வர அந்நாளைய வழக்கம் இடம் கொடுக்கவில்லை. இறைவன் என்ன செய்தார்? நந்தியை விலகியிருக்கச் சொன்னார். இன்றும் அங்கே நந்தி விலகியே இருக்கின்றது. மனிதர் இந்தப் பாடத்தைப் படிக்க வெகுகாலம் எடுத்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. நமது நாட்டிலே 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அடியார்கள் போராட வேண்டியிருந்தது. நந்தி விலகிய வேகத்தில் நாம் விலகவில்லை.

மதிலோரம் நிற்பவள்

இனி, இக்கட்டுரையை எழுத அடியேனைத் தூண்டிய காரணத்தைச் சொல்கிறேன். இது ஒருவரையும் குறைகூறுவதற்கு அன்று. குற்றத்திலே முதற்பங்கு என்னுடையது.

நமது வெளிவீதியிலே வேம்பின் கீழே, மதிலோரம் நின்று கும்பிடும் பெண்களை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். யுத்தகாலத்திலே கணவனை இழந்தவர்கள் அவர்களில் உண்டு. 2004 இல் கடலுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களிலே ஒருத்தி, கைக்குழந்தையோடு விதவையானவள். நெல்லுக் குற்றியும் இடியப்பம் அவித்து விற்றும் பிள்ளையைப் படிப்பித்தாள். அவளுடைய மடிப்பிச்சை நெல்லும் அம்மன் பொங்கலிலே சேர்கிறது. ஆனால் அவள் மண்டபத்துக்குள் வருவதில்லை.

சென்ற ஆண்டுச் சடங்கிலே, நிறைகுடம் கொண்டுவரும் வேளையில் அவள் உள்வீதி வாசலருகே நின்றாள். யாரோ ஒருவர், "நல்ல காரியம் வருகுது, கொஞ்சம் அங்கால விலகி நில்லுங்க" என்று சொல்ல, அவள் மறுபேச்சில்லாமல் விலகிப் போனாள். அடியேன் நாலடி தூரத்தில் நின்றேன். வாய்திறக்கவில்லை. கௌரவர் சபையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை படிப்பித்திருப்பேன்! எனக்கென்று ஒரு சபை வந்தபோது நானும் தூணாகத்தான் நின்றேன்.

பிறகு போய், "ஏன் மகள் உள்ளுக்கு வரல்ல?" என்று கேட்டேன். "நான் இங்க நிண்டே கும்பிடுறன் ஐயா. அம்மாளுக்குத் தெரியும்" என்றாள். அதிலே கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று முதல் பெரியவர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். இது பத்ததியிலே இருக்கின்றது என்று ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. "அப்பிடித்தான் வழக்கம்" என்றார்கள். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு வழக்குரையின் நினைவு வந்தது.

அடியார்களே, வழக்குரையிலே என்ன நடக்கின்றது? கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, தலைவிரிகோலமாய், கையில் ஒற்றைச் சிலம்போடு, பாண்டியனுடைய கோயில் வாசலிலே வந்து நிற்கிறாள். கோயில் என்றால் அரண்மனை என்று முன்னே சொன்னேன் அல்லவா? வாயில்காப்போன் அவள் கோலத்தைக் கண்டு நடுங்கி, உள்ளே ஓடிப்போய்ச் சொல்கிறான். விதவை ஒருத்தி வந்து நிற்பதை அபசகுனம் என்று பாண்டியன் விரட்டச் சொல்லவில்லை. உள்ளே அழைத்துவரச் சொன்னான். ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த குற்றம் அவனுடையது. ஆனாலும் கதவை அடைத்த குற்றம் அவனுக்கு இல்லை. அவள் உள்ளே வந்தபடியால்தான் உண்மை வெளிவந்தது. தவறை உணர்ந்த கணத்திலேயே அவன் உயிர்விட்டு நீதியைக் காத்தான்.

குற்றம் செய்த பாண்டியன் திறந்த வாசலை, குற்றமொன்றும் செய்யாத நாம் அடைக்கலாமா? நமது கருவறையிலே இருப்பவள் யார்? கணவனை இழந்த கண்ணகிதான். அவளுக்கு ஆண்டுதோறும் கல்யாணக்கால் நாட்டுகிறோம், பட்டுடுத்துகிறோம், குங்குமம் சாத்துகிறோம். அவளுக்குக் குளிர்த்தி ஆடி, அவள் துயரை ஆற்றுகிறோம். அவளைப்போலவே துணையை இழந்த நம் ஊர் மகளை அதே குளிர்த்தி நேரத்தில் மதிலோரம் நிறுத்தினால், கருவறைக்குள் இருக்கும் தாய்க்கு அது குளிருமா, சுடுமா? அவரவர் நெஞ்சைக் கேட்டுப் பாருங்கள்.

நெஞ்சென்னும் அறை

இறுதியாக ஓர் அறையைச் சொல்லி முடிக்கிறேன். திருநின்றவூரிலே பூசலார் என்றொரு ஏழை அடியார். கோயில் கட்ட ஆசை, காசு இல்லை. மனதுக்குள்ளேயே அத்திவாரம் இட்டு, கருவறை, மதில், கிணறு, குளம் எல்லாம் முறைப்படி அமைத்து, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளிலே காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் கல்லாலே கட்டிய பெருங்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். இறைவன் மன்னனின் கனவிலே தோன்றி, "நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும், நீ வேறு நாள் வை" என்று அருளினார்.

கல்லாலே கட்டிய கருவறைக்கு அளவு உண்டு. அதற்குள் எல்லோரும் நுழைய முடியாது, நுழையவும் வேண்டியதில்லை. நெஞ்சின் கருவறைக்கு அளவு இல்லை. உள்ளத்திற்குள் இருக்கும் அந்தச் சிறுவெளியை உபநிடதம் தகராகாசம் என்று சொல்லி, வெளியே தெரியும் ஆகாயம் எவ்வளவோ அதுவும் அவ்வளவு என்று விளக்குகின்றது. கும்பத்தின் உள்ளே இருக்கும் வெளியும், மண்டபத்தின் உள்ளே இருக்கும் வெளியும், கடலுக்கு மேலே இருக்கும் வெளியும் ஒன்றேதான். நடுவிலே நிற்கும் மண்சுவர்தான் வேறு வேறாகக் காட்டுகின்றது.

ஆகவே கரும்பலகைக்கு முன்னே எழுந்து நின்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மகள், கருவறை முதல் வெளிவீதி வரை இத்தனை பெயர் இருப்பது, யார் எவ்வளவு தூரத்திலே நிற்கவேண்டும் என்று அளப்பதற்கு அல்ல. வெளியிலே நிற்பவளை ஒவ்வொரு படியாக உள்ளே அழைத்து வருவதற்கு. வீதியில் நிற்பவளை மண்டபத்துக்கு அழைக்கவேண்டும். மண்டபத்தில் நிற்பவளின் நெஞ்சிலே கருவறை திறக்கவேண்டும்.

இந்த ஆண்டுத் திருக்குளிர்த்தியிலே அடியேனுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நீங்கள் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்வீதிக்கு வரும்போது, வேம்பின் கீழே ஒரு கணம் நில்லுங்கள். அங்கே நிற்கும் தங்கச்சியை, அக்காவை, மாமியைக் கையைப் பிடித்து, "வாங்க, உள்ளுக்குப் போவம்" என்று சொல்லுங்கள். அவள் மறுப்பாள். இரண்டாம் முறையும் சொல்லுங்கள். அடைந்து கிடந்த கதவு ஒரு பாட்டிலே திறக்காது. நானும் அங்கேதான் நிற்பேன். இம்முறை தூணாக நிற்கமாட்டேன்.

திருக்கதவு திறக்கும் அன்னை நமது மனக்கதவையும் திறந்து, வெம்மை தணித்து, மழை பொழிய, வயல் விளைய, கடல் அமைதிகொள்ள, அயலவரோடு ஒற்றுமையாய் நாம் வாழ அருள்புரிய வேண்டுமென அவள் பாதாரவிந்தங்களை வணங்கி நிற்கின்றேன்.

ஓம் சக்தி.

சுபம்.